பால்குடியும் குழந்தை மருத்துவரும்

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது நம் சமுதாயத்தார் செய்யும் விசாரணைக்கு ஓர் அளவில்லை. குடும்பம் எப்படி, குணம் எப்படி, தொழுகை உண்டா, தொழில் நிலையானதா என்று மூன்று ஊர்களுக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்கள். பிள்ளைக்கு ஓதிக் கொடுக்க உஸ்தாது அமர்த்துவதானாலும், அவர் எங்கே ஓதியவர், யாரிடம் ஓதியவர் என்று கேளாமல் விடுவதில்லை. ஆனால், அந்தப் பிள்ளை பிறந்த நாழிகையிலிருந்து அதன் வாயில் எது புகலாம், எது புகலாகாது என்று தீர்ப்பளிக்கப் போகின்ற குழந்தை மருத்துவரைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பிரசவம் நடக்கின்ற மருத்துவமனைக்கு எவர் வருகின்றாரோ அவரே நம் மருத்துவர். அல்லது எவர் வாசலில் செருப்புகள் மிகுதியாகக் கிடக்கின்றனவோ அவரே நம் மருத்துவர். இந்தப் போக்கு தவறு என்பது நம் கட்சி. பிள்ளை பிறக்கும் முன்பே, பால்குடி பற்றி மருத்துவரின் கொள்கை என்ன என்று கேட்டறிந்து, தாயின் விருப்பத்திற்குத் துணை நிற்பவரைத் தேர்ந்து கொள்வது பெற்றோர் மீது கடமை என்று சொல்லுகின்றோம்.

கேளாமல் விட்டதன் விளைவு எப்படி இருக்கும்? பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் அழுகின்றது. பால் ஊறவில்லை என்கின்றார் பாட்டி. பார்வையிட வந்த மருத்துவர் கட்டிலருகே அரை நிமிடம் நின்று, ஒரு மாவுப்பால் டப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகின்றார். பிள்ளை எப்படிச் சப்புகின்றது என்று அவர் பார்க்கவில்லை. எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று கேட்கவில்லை. தாயின் எண்ணம் என்ன என்று எவரும் வினவவில்லை. புட்டிப்பாலால் வயிறு நிறைந்த பிள்ளை தாயிடம் குறைவாகவே சப்பும். குறைவாகச் சப்பப்படும் மார்பில் பால் குறைவாகவே ஊறும். இரண்டாம் நாள் பொய்யாக இருந்த சொல் இருபதாம் நாள் மெய்யாகிவிடும். உண்மையாகவே பால் வற்றிவிடும். பிறகு பழி யார்மீது? அந்த ஏழைத் தாயின் மீது!

இந்த விஷயத்தில் மார்க்கத்தின் நிலையைப் பார்ப்போம். திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 233ஆம் வசனம், பால்குடியைப் பூரணமாக்க நாடுவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை வரையறுக்கின்றது. அதற்கு முன் பால் மறக்கச் செய்ய விரும்பினால், தாயும் தந்தையும் மனம் ஒப்பி, கலந்து ஆலோசித்துச் செய்யலாம் என்று இடம் தருகின்றது. வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டவும் அங்கேயே அனுமதி இருக்கின்றது. அறுபத்தைந்தாம் அத்தியாயத்து ஆறாம் வசனமோ, மணவிலக்குப் பெற்றுப் பிரிந்துவிட்ட தாயும் தந்தையும்கூடப் பாலூட்டல் பற்றி நல்ல முறையில் கலந்து பேச வேண்டும் என்று பணிக்கின்றது. பகை மூண்டு பிரிந்தவர்களுக்கே ஆலோசனை கடமை! பாலை நிறுத்துவதற்கே இருவர் இசைவு வேண்டும் என்று இறைமறை கூறியிருக்க, பால்குடி சரியாகத் தொடங்கும் முன்பே அதை முடித்து வைக்க மூன்றாமவர் ஒருவரின் கையெழுத்து மட்டும் போதுமா?

அடுத்து ஃபிக்ஹு நூல்களுக்கு வருவோம். நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் நூல் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ். ஹிஜ்ரி 676இல் மறைந்த அப்பெருமகனார், ஜீவனாம்ச பாடத்தில் மூன்று செய்திகளைச் சொல்லிச் செல்கின்றார். ஒன்று: பிரசவித்தவுடன் சுரக்கும் முதற்பாலை, அரபியில் லிபஉ என்றும் நம் தமிழில் சீம்பால் என்றும் சொல்லப்படுவதை, பிள்ளைக்கு ஊட்டுவது தாயின் மீது கடமை. இரண்டு: அதற்குப் பிறகு வேறு பெண் கிடைக்கும் நிலை இருந்தால், தொடர்ந்து பாலூட்டும்படித் தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மூன்று: தாய் தானே பாலூட்ட விரும்பினால், கணவன் அவளைத் தடுக்கலாமா? தடுக்கலாம் என்று முதல்நூலில் இருந்த கருத்தை எடுத்துக் காட்டிவிட்டு, தடுக்க உரிமை இல்லை என்பதே மிகச் சரியானது, பெரும்பான்மை அறிஞர்கள் சரிகண்டதும் அதுவே என்று திருத்தம் எழுதுகின்றார் இமாமவர்கள். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் ஃபத்ஹுல் முயீனிலும் சீம்பாலின் கடமை சொல்லப்பட்டிருக்கின்றது. அதன் காலம் சிறிது என்றும், மூன்று நாள் என்போரும் ஏழு நாள் என்போரும் உண்டு என்றும் விளக்கம் காண்கின்றோம்.

சற்று நின்று சிந்தியுங்கள். எந்த முதல் மூன்று நாள்களை ஃபிக்ஹு நூல்கள் தாயின் பாலுக்கென்றே ஒதுக்கினவோ, அந்த மூன்று நாள்களில்தான் இன்று டப்பா நுழைகின்றது. வீட்டுக்குத் தலைவனான கணவனுக்கே தடுக்கும் உரிமை இல்லை என்று எந்தத் தாயைப் பற்றி இமாம் நவவி எழுதினார்களோ, அந்தத் தாயின் விருப்பத்தை ஒரு மருத்துவரின் பேனா அடித்துவிட்டுப் போகின்றது. அதைப் பார்த்துக் கொண்டு நாம் தலையாட்டுகின்றோம், கட்டணமும் கொடுக்கின்றோம்!

இங்கே ஒரு மறுப்பு எழும். மருத்துவம் மருத்துவருக்குத் தெரியும். கிதாபு ஓதியவர்களுக்கும் பாமரர்க்கும் அதில் என்ன வேலை. அவர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே என்பார்கள். மருத்துவரின் சொல்லை மதிக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. எந்த மருத்துவரின் சொல் என்பதுதான் கேள்வி. நோயாளி தண்ணீரைத் தொட்டால் நோய் மிகும் என்று ஒரு மருத்துவர் சொன்னால் தயம்மும் செய்யலாம் என்பது சட்டம். ஆனால் எந்த மருத்துவரும் சொல்லலாம் என்று நம் இமாம்கள் விட்டுவிடவில்லை. சொல் நம்பிக்கைக்குரியவராக, நேர்மையாளராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஒரு வேளை ஒளுவுக்குக் கையளவு தண்ணீர். அதை விடுவதற்கே மருத்துவரின் நேர்மையைப் பார்க்கச் சொன்னது மார்க்கம். இரண்டாண்டுப் பாலை விடுவதற்கு மட்டும் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லையா?

மருத்துவக் கருத்து காலத்திற்கேற்ப மாறுவது என்பதையும் மறக்கலாகாது. 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) பிள்ளை வளர்ப்புப் பற்றி எழுதிய துஹ்ஃபத்துல் மவ்தூத் என்னும் நூலில், தாயின் முதற்பால் கெட்டியானது. ஆதலால் இரண்டு மூன்று நாள் வேறு பெண் பாலூட்டுவதே சிறப்பு என்று எழுதினார். அது அக்கால வைத்தியத்தின் கருத்து. இன்றைய மருத்துவமோ அதே கெட்டிப் பாலைத்தான் பிள்ளையின் முதற் காப்பு என்கின்றது. நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் செறிந்திருப்பதைக் கண்டறிந்து சொல்கின்றது. பெரியோர் ஒருவரின் பெயரில் வந்தாலும் மருத்துவச் சொல்லுக்குக் காரணம் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எது? காரணம் கேட்பது அவமதிப்பு ஆகாது. காரணம் கேட்டால் சினக்கின்றவர் எவரோ, அவரைத்தான் நாம் தவிர்க்கச் சொல்லுகின்றோம்.

இனி டப்பாவின் வரலாறு. மாவுப்பால் வியாபாரம் மருத்துவமனை வழியாகவே வீடுகளுக்குள் புகுந்தது. அதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவரும் ஒரு மருத்துவரே. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1939இல் சிங்கப்பூரில், ரோட்டரி சங்கத்தார் முன்னிலையில், பால் வியாபாரத்தையும் கொலையையும் ஒரே தலைப்பில் இணைத்துப் பேசினார். 1974இல் பிரிட்டனில் ஒரு தொண்டு நிறுவனம் இதே பொருளில் சிறு நூல் வெளியிட்டது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள். எதிராக ஒரே ஒரு நாடு, அமெரிக்கா. நம் நாட்டில் 1992இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான மாவுப்பாலையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது. மருத்துவமனைச் சுவரில் அவற்றின் விளம்பரப் படம் தொங்கக் கூடாது. விற்பனையைப் பெருக்கும் நோக்கில் மருத்துவருக்கோ செவிலியருக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ கம்பெனிகள் பணமும் பரிசும் கொடுக்கக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு டப்பாவின் மேலேயே இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆக, டப்பாவே உண்மையைச் சொல்லுகின்றது. அதை எழுதிக் கொடுப்பவர்தாம் சிலர் சொல்வதில்லை!

நாம் மிகைப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 41.8 மட்டுமே. ஆறு மாதத்திற்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே அருந்தியவர்கள் நூற்றுக்கு 63.7. பத்தில் ஒன்பது பிள்ளைகள் மருத்துவத் துறையின் கண்ணெதிரே பிறந்திருக்க, பாதிக்கும் குறைவான பிள்ளைகளுக்கே முதல் மணியின் பால் கிட்டியது என்றால், குற்றம் முழுவதையும் வீட்டுப் பெண்கள் தலையில் போடுவது எந்த நியாயம்?

வீட்டாரிடமும் குற்றம் இல்லாமல் இல்லை. சேனை வைப்பது என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் புகட்டும் பழக்கம் நம்மிலும் இருக்கின்றது. தஹ்னீக் என்பது பேரீச்சம்பழத்தை மென்று மேலண்ணத்தில் தடவும் சுன்னத்து. அது வயிறு நிரப்பும் உணவு அன்று. அதன் பெயரைச் சொல்லிக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றுவதற்கு ஆதாரம் இல்லை. ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுப்பதால் ஒருவகை நச்சு நோய் வரக் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதை நாம் ஏற்க வேண்டும். நல்ல மருத்துவர் என்பவர் இந்தச் சுன்னத்தை ஏளனம் செய்யாமல், எவ்வளவு, எவ்வளவு சுத்தமாக என்று எடுத்துச் சொல்லுவார். அவரோடு நமக்குச் சண்டை இல்லை.

மாவுப்பாலே ஹராம் என்றும் நாம் சொல்லவில்லை. பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து போகலாம். உடலில் நீர் வற்றிப் போகலாம். தாய் உட்கொள்ளும் சில கடுமையான மருந்துகள் பாலில் இறங்கலாம். அபூர்வமாகச் சில பிள்ளைகளின் உடல் பாலில் உள்ள சர்க்கரையையே ஏற்காமல் போகலாம். அந்த நேரங்களில் தாயின் பாலை மட்டுமே பிடித்துக் கொண்டு நிற்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆபத்து என்று காரணத்தோடு மருத்துவர் சொன்னால் உடனே கேட்க வேண்டும். முயன்றும் பால் போதாத தாய்மாரும், உடல்நிலை காரணமாகவோ பிழைப்புக் காரணமாகவோ முழுதும் ஊட்ட இயலாத தாய்மாரும் உண்டு. அவர்களைக் குத்திப் பேசும் மருத்துவரும் நமக்கு வேண்டாதவரே. மாற்றுப் பாலுக்கு இறைமறையே வழி வைத்திருக்க, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு என்ன அதிகாரம்? கொதித்து ஆறிய நீரில், டப்பாவில் கண்ட அளவு குறையாமல், சுத்தமான பாத்திரத்தில் எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தருபவரே அவர்களுக்கு ஏற்ற மருத்துவர். தாயின் முடிவுக்குத் துணை நிற்பது என்றால் இரண்டு பக்கமும் நிற்பதுதான்.

அப்படியானால் எதைக் கேட்பது? ஏழாம் மாதத்திலேயே கணவனும் மனைவியுமாகச் சென்று கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அறுவைப் பிரசவம் ஆனாலும் பிள்ளையை முதல் மணி நேரத்திற்குள் தாயின் மார்பில் சேர்ப்பீர்களா? எடை குறைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பால் அருந்தும்போது பிள்ளை சரியாக வாய் வைக்கின்றதா என்று நீங்களோ உங்கள் செவிலியரோ அருகிருந்து பார்ப்பீர்களா? எங்களைக் கேளாமல் வேறு பால் கொடுக்க மாட்டீர்கள் அல்லவா? வீட்டுக்குப் போன பின் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?

பதிலைக் கொண்டு ஆளை அறியலாம். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஓரிரு தேக்கரண்டிச் சீம்பாலே போதும். முதல் சில நாள்களில் பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழளவு வரை குறைவது இயல்பு. பத்துக்கு மேல் போனால் காரணம் காண வேண்டும். இரண்டு வாரத்திற்குள் எடை திரும்ப வேண்டும். ஐந்தாறு நாள் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிந்தால் பால் போதுகின்றது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. இவற்றை அமைதியாக எடுத்துச் சொல்லும் மருத்துவரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். ‘அதெல்லாம் பிறந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்று கையை அசைப்பவரிடமும், மேசை நாட்காட்டியிலிருந்து பேனா வரை பால் கம்பெனியின் பெயரைச் சுமந்து உட்கார்ந்திருப்பவரிடமும் சலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நமக்கென்று தனியாகக் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கின்றது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பால் கிடைக்காவிட்டால், பால் வங்கியிலிருந்து வேறு தாய்மாரின் பாலைக் கொடுக்கும் முறை இருக்கின்றது. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய இந்த ஏற்பாடு பிறகு நாடெங்கும் பரவியது. உயிர் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் நம் மார்க்கத்தில் பால்குடி உறவு திருமணத்தைத் தடுக்கும் உறவு. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை அருந்தினாலும், ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே அருந்தினாலும் அது ஏற்பட்டுவிடும். ஆகவே 1985இல் ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை இவ்வங்கிகள் கூடாது என்று தீர்மானித்தது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் கூடும் என்றார்கள். இரண்டில் எதை ஏற்பது என்பதைப் பெற்றோர் தம் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். பாலைக் கொடுக்கும் முன் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும், யாருடைய பால் என்று அறிய முடியுமாயின் அறிவிக்க வேண்டும். இதை மதிக்கும் மருத்துவர் வேண்டும். நள்ளிரவில் பிள்ளை மூச்சுக்குப் போராடும்போது இந்த வாதத்தைத் தொடங்க முடியாது. முன்பே பேசி வைக்க வேண்டியது இது.

எங்கள் ஊரில் இருப்பதே ஒரு மருத்துவர். தேர்ந்தெடுக்க எங்கே போவது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். தேர்ந்தெடுக்க வழியில்லாத இடத்திலும் கேட்க வழி இருக்கின்றது. முன்கூட்டியே, பணிவாக, ஆனால் தெளிவாக, எங்கள் விருப்பம் இது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து சொன்னால், அதைக் காதில் வாங்காத மருத்துவர் அரிதே. ஒருவரே வந்து சொன்னால் ஒருவேளை மறக்கலாம். ஊரே சொன்னால் மறக்க முடியாது. ஜமாஅத்துகள் இதில் தலையிடலாம். நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திடும் மாப்பிள்ளைக்கு மஹர் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் நாம், பால்குடியின் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் என்ன? பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று அதே 233ஆம் வசனம்தானே சொல்லுகின்றது? அவளுடைய விருப்பம் மருத்துவமனைக் கட்டிலில் மதிக்கப்படுமாறு பார்த்துக் கொள்வதும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்ததே என்று நாம் கருதுகின்றோம்.

பேறுகாலத்தை எதிர்நோக்கி நாள் எண்ணும் இல்லத்தாருக்குச் சொல்லுகின்றோம்: தொட்டிலைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம். பிரசவித்து மூன்றாம் நாள் வலியோடு படுத்திருக்கும் பெண்ணை, ஒரு சீட்டுக்கும் ஒரு டப்பாவுக்கும் எதிரே தனியாக வாதாட விடாதீர்கள். அவளுக்காகப் பேச வேண்டியவர் கணவர். பேச வேண்டிய காலம் ஏழாம் மாதம்.